பணியிடக் கொடுமையும் தேதியிட்ட பதிவும்

பணியிடக் கொடுமை என்பது, எதிர்த்து நிற்க இயலாத நிலையில் உள்ள ஒரு பணியாளரைக் குறிவைத்துத் தொடர்ந்து இழிவுபடுத்துவதையும் ஒதுக்கிவைப்பதையும் குறிக்கும். இவ்வரையறையின் உயிர் ‘தொடர்ந்து’ என்ற சொல்லில் இருக்கிறது. 1980களில் சுவீடனில் இதனை ஆராய்ந்த உளவியலாளர் ஹெய்ன்ஸ் லேமன், வாரம் ஒரு முறையேனும், ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்கும் பகைமைச் செயல்களையே இவ்வகையில் சேர்த்தார். அக்கால அளவு ஆய்வுக்காக வகுக்கப்பட்டதே அன்றி, துன்புறுபவர் ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்பதற்காக அன்று. ஆயினும், தனித்தனியே அற்பமாகத் தோன்றும் செயல்கள் அடுத்தடுத்து வரும்போதுதான் கொடுமையாக உருப்பெறுகின்றன என்பதை அது தெளிவாக்கியது.

எட்ட முடியாத டார்கெட்டை விதித்துவிட்டு, எட்டாததற்காகப் பலர் முன்னிலையில் வசைபாடுவது எளிதில் அடையாளம் காணத்தக்க வடிவம். வேலையே தராமல் உட்காரவைப்பது அதனினும் கொடியது. ஏனெனில் வசையைக் கேட்ட சக ஊழியர்கள் சாட்சி சொல்லக்கூடும், வெறும் மேசைக்கோ சாட்சி இல்லை. அதேவேளையில், பிழையைச் சுட்டிக்காட்டும் மேலாளரின் கண்டிப்பெல்லாம் கொடுமையாகிவிடாது. கண்டனம் செய்த வேலையைப் பற்றியதா, ஆளையே பற்றியதா என்று பார்த்தால் வேறுபாடு பெரும்பாலும் விளங்கிவிடும்.

பிரான்ஸ் 2002ஆம் ஆண்டிலேயே இத்தகைய மனத் துன்புறுத்தலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லாதது வருந்தத்தக்க குறையாகும். அதனால் பாதிக்கப்பட்டவர், தமக்கு நேர்ந்ததன் தன்மைக்கேற்ப வெவ்வேறு சட்டங்களை நாட வேண்டியுள்ளது. பெண் ஊழியருக்கு நேர்ந்தது பாலியல் தன்மை கொண்டதாயின், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணியாற்றும் இடங்களில் இருக்க வேண்டிய உள்ளகக் குழுவிடமும், மற்ற இடங்களில் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடமும், மூன்று மாதங்களுக்குள் எழுத்து வடிவில் புகார் அளிக்கலாம். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரைச் சாதியின் பெயரால் பலரறிய இழிவுபடுத்தினால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவோ, ஆறு மாதங்கள் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றி நீக்குவதைத் தடுப்பதுடன், நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யவும் வழி தருகிறது. வருமானம் எவ்வளவாயினும் பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தொழில்துறைத் தொழிலாளர்களும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். அதற்கான தொலைபேசி எண் 15100.

எந்தச் சட்டத்தை நாடினாலும் முதலில் கேட்கப்படுவது சான்றே. ஆகவே தேதி, நேரம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றன்றே குறித்துவைப்பதும், வாய்மொழியாக இடப்பட்ட ஆணையை அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்தக் கோருவதும், அப்பதிவுகளின் படியை அலுவலகக் கணினிக்கு வெளியே வைத்திருப்பதும் இன்றியமையாதவை. துன்பம் தாளாமல் பலர் ‘பேப்பர் போட்டுவிட்டு’ வெளியேறுகின்றனர். பதவி விலகல் கடிதத்தில் வழக்கமாக எழுதப்படும் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற தொடர், பின்னர் தொடுக்கும் வழக்கில் அவர்களுக்கு எதிராகவே நிறுத்தப்படக்கூடும். எனவே விலகியே ஆகவேண்டிய நிலையிலும், சட்ட ஆலோசனை பெற்ற பிறகு, உண்மையான காரணத்தை அக்கடிதத்திலேயே எழுதுவது நல்லது. வற்புறுத்திக் கையெழுத்து வாங்கப்பட்டிருந்தால், அதனைக் காலம் தாழ்த்தாமல் எழுத்து மூலம் மறுக்க வேண்டும்.