வீட்டுப் பட்டறையில் கோடரி செய்தல்

கோடரி இல்லாத உழவர் வீடு அரிது. ஆயினும், சந்தையில் வாங்கிய கோடரி சில மாதங்களிலேயே வாய் மடங்கிவிட்டது என்றோ, பல் பல்லாகத் தெறித்துவிட்டது என்றோ விவசாயப் பெருமக்கள் குறை கூறக் கேட்கிறோம். இரண்டிற்கும் காரணம் பதம் சரியாக அமையாமையே. பதம் குறைந்தால் வாய் மடங்கும், மிகுந்தால் தெறிக்கும். பதமறிந்த கொல்லர் ஊரிலேயே இருப்பின் இக்குறை நீங்கும். கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. இத்தொழில் நம் நாட்டில் அத்துணைப் பழமையானது. வீட்டை ஒட்டிய சிறு பட்டறையில் ஒரு கோடரி உருவாகும் முறையை இங்கே விளக்குவோம்.

இரும்பைத் தேர்தல்

கோடரியின் உடலுக்கு மென்னிரும்பும், வாய்க்கு எஃகும் வேண்டும். லாரிகளிலிருந்து கழித்த வில்பட்டை வாய்க்கு ஏற்றது. அதில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் கரி உண்டு. கரி குறைந்த கட்டடக் கம்பியை எத்தனை முறை தோய்த்தாலும் அது போதிய உறுதி பெறாது. துத்தநாகப் பூச்சுள்ள இரும்பை உலையில் இடலாகாது. அதன் புகை உடலுக்குத் தீங்கானது.

உருவாக்குதல்

50 மில்லிமீட்டர் அகலமும், 12 மில்லிமீட்டர் கனமும், 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள மென்னிரும்புப் பட்டையைச் செந்நிறமாகக் காய்ச்சி, காம்புத் துளையின் வடிவிலுள்ள இரும்பு அச்சைச் சுற்றி இரண்டாக மடிக்க வேண்டும். மடிப்பின் இரு முனைகளுக்கு இடையே எஃகுத் துண்டைச் செருகி, வெங்காரம் தூவி, மஞ்சள் கலந்த வெண்ணிறம் வரும்வரை காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தால் இரும்பும் எஃகும் ஒன்றாகும். முதல் அடிகள் இலேசாகவும் விரைவாகவும் விழுதல் நன்று. பின்னர் வாயை அகலத் தட்டி, அரத்தால் ஒழுங்கு செய்ய வேண்டும்.

அழகு செய்தல்

அழகு வேலை தோய்ப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். தோய்த்த எஃகில் உளி ஏறாது. வலிந்து அடித்தால் விரிசல் காணும். சிறு முத்திரை உளிகளால் புள்ளி, பிறை, இலை முதலிய உருவங்களைப் பக்கங்களில் பதிக்கலாம். பதிவு ஆழமின்றி இருத்தல் வேண்டும். வாயிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளியே அமைய வேண்டும். ஆழ்ந்த வெட்டிலிருந்துதான் விரிசல் தொடங்கும். இவ்வேலை வீண் ஆடம்பரமன்று. ஒவ்வொரு கொல்லருக்கும் ஒரு குறி இருப்பின், கருவியின் நன்மைக்கும் குறைக்கும் பொறுப்பாளர் யாரென்று ஊரார் அறிவர்.

பதம் போடுதல்

வாய்ப்பகுதியை மட்டும் செந்நிறமாகக் காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றே கடந்ததும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். வில்பட்டை எஃகு தண்ணீரில் வெடிக்கக்கூடும். எண்ணெய் தீப்பற்றலாம், ஆகவே மணல் வாளி அருகில் இருத்தல் அவசியம்.

தோய்த்தவுடன் வாய் கண்ணாடிபோல் எளிதில் உடையும். ஆகையால் அதைப் பளபளப்பாகத் தேய்த்து, கோடரியின் பின்தலையைக் காய்ந்த இரும்புக் கட்டியின்மேல் வைக்க வேண்டும். வெப்பம் பரவப் பரவ வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என நிறங்கள் வாயை நோக்கி நகரும். வாயில் ஊதா தோன்றிய நொடியிலேயே தண்ணீரில் நனைத்து நிறுத்திவிட வேண்டும். கோடரியின் ஆயுள் இந்த ஒரு நொடியில் இருக்கிறது.

ஊராட்சி செய்யத்தக்கது

நிறம் பார்க்கும் இக்கண் ஏட்டுப் படிப்பால் மட்டும் வருவதன்று. உலையருகே நின்று பழகி வருவது. வேலையின்றி உலை அணைந்தால், கொல்லரின் மகன் அதைக் கற்க வழியில்லை. எனவே ஊராட்சியின் கடப்பாரை, மண்வெட்டி முதலியவற்றைக் காய்ச்சி அடிக்கும் வேலையை உள்ளூர்ப் பட்டறைக்கே அளிக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உழவர்களும் அடுத்த கோடரியை வாங்குமுன் ஊர்க் கொல்லரை ஒருமுறை கலந்து பேசுவார்களாக.