மாடு ஏற்றப்போகும் தோழர்களுக்கு

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் தோட்டத்துப் பக்கம் மாட்டு வியாபாரிகளின் லாரி வரும். கூலி போதாமல் மாடு வளர்ப்பவர்கள் பிள்ளையின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ ஒன்றிரண்டை விற்பார்கள். மாடு எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அன்றைக்கு வீட்டுப் பெண்கள் வாசல் பக்கமே வர மாட்டார்கள்.

தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நாங்கள் கண்ணால் பார்த்தது இது. எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவரின் காளையை இரண்டு பேர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுக்க, ஒருவர் வாலை முறுக்கினார். லாரியின் அடித்தளம் வெறும் இரும்புத் தகடு. சாணமும் மூத்திரமும் சேர்ந்து வழுக்கியது. காளை சறுக்கிச் சாய்ந்ததில், பிடித்திருந்தவரின் கை கம்பிக்கும் மாட்டுக்கும் நடுவே சிக்கி, இரண்டு விரல் போயிற்று. காளையும் உயிரோடு போய்ச் சேரவில்லை. வளைவில் விழுந்து மற்ற மாடுகள் மிதித்துவிட்டன என்றார் வியாபாரி. பெரியவருக்குக் காசு வரவில்லை. விரல் போனவர் கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை வெளிவேல செஞ்சா தோட்டம் என்னப்பா பண்ணும்?" என்றார் கிராணி.

மாட்டை ஏற்றுவதற்குப் பலம் முக்கியமில்லை. மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. நேர் பின்னால் நிற்கும் ஆள் அதற்குத் தெரியாது. திடீரென்று தட்டினால் உதைக்கும். தோளுக்குச் சற்றுப் பின்னால், ஓரமாக நின்று ஓட்டினால் முன்னே நகரும். இருட்டுக்குள் போகத் தயங்கும். தரையில் விழும் நிழலைக் கண்டாலும் நின்றுவிடும். மேடு பார்த்து லாரியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினால் ஏற்றமில்லாமல் நடந்தே உள்ளே போகும். தகட்டின் மேல் குறுக்குச் சட்டம் அடித்து மணல் போட்டால் கால் வழுக்காது. இதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? ஆனாலும் செய்ய மாட்டார்கள்.

நெருக்கி அடைத்தால் விழுந்த மாடு எழ முடியாது. ரொம்பவும் இடம் விட்டாலும் தூக்கியெறியப்படும். பெரிய மாட்டையும் கன்றையும் ஒன்றாக விடக் கூடாது, நடுவில் தடுப்பு வேண்டும். நின்றுகொண்டு வரும் பாரம் இது. வளைவில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் லாரியே கவிழும். ஆகவே பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் இறங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெயில் நேரத்தில் கோப்பிக்கடை முன்னால் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். லாரி ஓடும்போது காற்று வரும். நின்றால் உள்ளே வெந்துபோகும். விடியலுக்கு முன் கிளம்புவதே நல்லது.

மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கால்நடை இலாகாவின் பெர்மிட் வேண்டும். கோமாரி நோய் பரவாமலிருக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு. 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி மாட்டை வதைப்பதும் குற்றம். வழியில் மாடு செத்தால் நஷ்டம் யாருக்கு என்பதை லாரி கிளம்புமுன் பேசி, தாளில் எழுதி வாங்குங்கள்.

விரல் போனவருக்கு அன்று வழியில்லை. இன்று 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சொந்தமாக லாரி ஓட்டுபவரும் கால்நடை வளர்ப்பவரும் சொக்சோவில் பதிந்துகொள்ளலாம். பாரம் நிரப்பத் தெரியாதென்று விட்டுவிடாதீர்கள். ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்தில் நாங்கள் இருப்போம். அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.