நெஞ்சுரம் வளரும் விதம்

கஷ்ட காலத்தில் நம்மைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "மனத்தைத் திடப்படுத்திக் கொள்ளுங்கள்" என்பதுதான் அது. சொல்கிறவர்களுடைய அன்பில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனத்தை எப்படித் திடப்படுத்திக் கொள்வது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. காப்பியை அருந்திவிட்டு விடை பெற்றுக் கொள்கிறார்கள். வேலையை இழந்த குடும்பத் தலைவரும், நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் தாயாரும், அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாத இல்லத்தரசியும் அந்த வார்த்தையை வைத்துக் கொண்டு என்ன செய்வது?

2020-ம் வருஷத்தில் கொள்ளை நோய் வந்து நம்மையெல்லாம் வீட்டுக்குள் அடைத்தபோது, "நாளைக்கு என்ன?" என்ற கேள்வி ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி எல்லார் வீட்டிலும் எழுந்தது. நோய் தணிந்த பிறகும் அந்தக் கேள்வி போய்விடவில்லை. அதற்கு விடை தேட நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. தூத்துக்குடி வரையில் போனால் போதும்.

ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ம் வருஷம் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓடியது. 1908 மார்ச்சில் அவர் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல் முறையீட்டில் அது 6 வருஷமாகக் குறைந்தது. அப்போது அவருக்கு வயது 35. இந்த வரலாறு நம் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் நமக்கு வேண்டிய பாடம் இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

கோயமுத்தூர்ச் சிறையில் அந்த வக்கீலின் கைகள் செக்கிழுத்தன. அந்தச் செக்கைச் சென்னை காந்தி மண்டபத்தில் இன்றும் காணலாம். அதைக் காண்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள், கலங்க வேண்டியதுதான். ஆயினும் அதே சிறையில் இன்னொரு வேலையும் நடந்தது. ஆங்கில ஆசிரியர் ஜேம்ஸ் ஆலன், மனிதனுடைய எண்ணங்களே அவனுடைய வாழ்வை உருவாக்குகின்றன என்பதை விளக்கி எழுதிய சிறு நூலைப் பிள்ளையவர்கள் தமிழாக்கினார். 'மனம்போல வாழ்வு' என்ற அந்த நூல் 1909-லேயே வெளிவந்தது. விடுதலையாகட்டும், துன்பம் தீரட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதை இந்த ஒரு வருஷக் கணக்கே சொல்கிறது. 'மெய்யறிவு', 'மெய்யறம்' ஆகிய நூல்களும் சிறைவாசத்தில் உருவானவையே.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? சிறை அவருடைய உடம்பையும் பொழுதையும் எடுத்துக் கொண்டது. ஆனால் தமக்கென்று ஒரு சிறு வேலையை அவர் விட்டுக் கொடுக்கவில்லை. நெஞ்சுரம் ஆபத்து வந்த அன்று வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. அன்றாடம் செய்யும் ஏதோ ஒரு காரியத்தில் அது ஊறுகிறது. வெளியில் எல்லாம் நம் பிடியை விட்டு நழுவும்போது, "இது என் கையில் இருக்கிறது" என்று சொல்லிக் கொள்ள ஒரே ஒரு காரியமாவது இருக்க வேண்டும். தினம் 4 பக்கம் படிப்பதாகவும் இருக்கலாம். குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாகவும் இருக்கலாம். புழக்கடையில் 2 கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகவும் இருக்கலாம். காரியம் சிறியதாயிருப்பதில் குற்றமில்லை. நாள் தவறாமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையின் கதவு திறந்தது. இனிக் கஷ்டம் தீர்ந்தது என்று நினைப்போம். உண்மையில் கடுமையான சோதனை அங்கேதான் காத்திருந்தது. ஆயிரக்கணக்கில் கூடிக் கோஷமிட்ட ஜனங்களில் அவரை வரவேற்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்களே. கம்பெனி 1911-லேயே கலைக்கப்பட்டு விட்டது. வக்கீல் சன்னதும் போய்விட்டது. கப்பலோட்டியவர் சென்னையில் அரிசிக் கடை வைத்தார். அதே காலத்தில், 1917-ல், திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையை வெளியிடவும் உழைத்தார். "முன்னே நான் யார் தெரியுமா?" என்ற நினைப்பு நேர்மையான எந்தத் தொழிலுக்கும் அவருக்குத் தடையாக வரவில்லை. நம்மில் அநேகருக்குக் கஷ்டத்தைவிடக் கௌரவமே பெரிய பாரம் என்பதை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த நம்மவர் அவருக்காகப் பணம் திரட்டியிருந்தார்கள். அது காந்திஜியின் மூலம் அவரிடம் வந்து சேர வேண்டியிருந்தது. தாம் இருக்கும் நிலையில் அதை வேண்டாமென்று சொல்வதற்கில்லை என்பதை மறைக்காமல் எழுதினார். பல மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு, 1916-ல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. பிறருக்காக வாழ்ந்தவர் பிறர் உதவியை ஏற்றுக் கொள்ளத் தெரிந்தவராகவும் இருந்தார். யாரிடமும் எதையும் சொல்லாமல் கதவைச் சாத்திக் கொண்டு பட்டினி கிடப்பது உறுதியன்று. அது உறுதியின் வேஷம்.

மன உறுதி என்றால் மனம் கல்லாவது என்றும் சிலர் நினைக்கிறார்கள். வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் அவருக்குச் சன்னது திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்தார். அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியிடம் அத்தனை துன்பம் பட்டும், ஓர் ஆங்கிலேயருடைய நற்குணத்தைக் காணும் கண் அவருக்கு மங்கவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அண்ணனுக்குக் கிடைத்த தண்டனையைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்தின் புத்தி பேதலித்துப் போயிற்று. ஒரே வீடு, ஒரே இடி. ஒருவர் தாங்கினார், ஒருவர் தாங்கவில்லை. தாங்காதவரைக் குறை கூற நமக்கு என்ன உரிமை? எல்லார் மனமும் ஒரே அளவு பாரம் சுமக்கும்படி அமைந்திருப்பதில்லை. ஆகையால் குடும்பத்தில் ஒருவர் உறக்கமின்றி, உணவின்றி, பேச்சின்றி ஒடுங்கிப் போனால், அவருக்கு உபதேசம் செய்வதோடு நின்றுவிடக் கூடாது. அருகில் உட்கார வேண்டும். தேவையானால் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். உறுதி என்பது தனி ஒருவரின் சொத்தல்ல. வீட்டின் பொதுச் சொத்து. இருப்பவர் இல்லாதவருக்குக் கடன் கொடுக்க வேண்டும்.

1936-ம் வருஷம், இறுதி நெருங்குவதை அறிந்து, பிள்ளையவர்கள் உயில் எழுதினார். அதில் கடைகளுக்குத் தாம் தர வேண்டிய பாக்கிகளையும் ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார். அந்தக் காகிதம் தோல்வியின் அடையாளமென்று எண்ணுபவர் எண்ணட்டும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கடன் இருப்பதை ஒளிக்காமல், அதைக் கண்டு மிரளாமல், கணக்கை நேர் செய்துவைக்க எத்தனை உரம் வேண்டும்! அதே வருஷம் நவம்பர் 18-ந் தேதி அவர் காலமானார்.

நேயர்கள் இன்று இரவு ஒரு தாளை எடுத்து, பயமுறுத்தும் விஷயங்களையெல்லாம் அதில் வரிசையாக எழுதட்டும். கடனானாலும் சரி, நோயானாலும் சரி, பெயரும் தொகையும் போட்டு எழுதட்டும். பக்கத்தில், நாளைக் காலையில் தம் கையால் செய்யக் கூடிய ஒரு காரியத்தையும், உதவி கேட்கக் கூடிய ஒருவர் பெயரையும் எழுதட்டும். எழுதிய தாளை வீட்டாரிடம் காட்டத் தயங்க வேண்டாம். நாளைப் பொழுது எப்படி விடியும் என்பது யாருக்கும் தெரியாது. விடிந்ததும் எங்கே தொடங்குவது என்பதாவது தெரிந்திருக்கும்.