வர்த்தக இணையத்தளம்: திறந்து வைத்தால் மட்டும் போதுமா?

யாழ்ப்பாணத்தில் ஒடியல் மாவையும் பனங்கட்டியையும் பொதி செய்து விற்பவரும், பாசிக்குடாவில் நான்கு அறைகள் கொண்ட விடுதியொன்றை நடத்துபவரும் இன்று தமக்கென ஓர் இணையத்தளம் வேண்டும் என்று கருதுகின்றனர். அந்த விருப்பம் நியாயமானதே. எனினும், எமது சிறு முயற்சியாளர்கள் பலரின் இணையத்தளங்கள், திறந்து வைக்கப்பட்ட நாள் முதல் எவரும் எட்டிப் பார்க்காத கடைகளாகவே இருந்து வருகின்றன. செலவழித்த பணம் வீணாகி விட்டதே என்ற மனக்குறையுடன் அவர்களிற் பலர் பேஸ்புக் பக்கமொன்றுடன் நின்று விடுகின்றனர்.

பேஸ்புக் பக்கம் பயனற்றது என்று நாம் கூற வரவில்லை. ஆனால் அது பிறருடைய காணியில் போடப்பட்ட கொட்டில் என்பதை மறந்து விடலாகாது. 2018 ஆம் ஆண்டு மார்ச் மாதம் திகன வன்முறைகளை அடுத்து பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவை நாட்டில் ஒரு வார காலமளவில் முடக்கப்பட்டன. 2019 ஆம் ஆண்டு ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் திகதியும் அதே நிலை ஏற்பட்டது. அந்த நாட்களில் பேஸ்புக்கை மட்டுமே நம்பியிருந்த வியாபாரியின் கடைக் கதவு, அவரைக் கேளாமலேயே மூடப்பட்டது. சொந்த முகவரியில் இயங்கிய இணையத்தளங்களை அத்தடை தீண்டவில்லை.

சொந்த முகவரி என்னும்போது, அது யாருடைய பெயரில் பதிவாகியுள்ளது என்ற கேள்வி எழுகின்றது. தளத்தை வடிவமைப்பவர் முகவரியையும் தமது பெயரிலேயே பதிவு செய்து கொள்வதும், பின்னர் பிணக்கு ஏற்படும்போது உரிமையாளர் கையைப் பிசைவதும் நடப்பதுண்டு. கடைக்கான உறுதியைத் தச்சாசாரியாரின் பெயரில் எவரும் எழுதுவதில்லை. முகவரி, கடவுச்சொல், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய திகதி ஆகிய மூன்றும் உரிமையாளரின் கையில் இருத்தல் வேண்டும்.

அடுத்தது ஆடம்பரம். 1999 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லண்டனைத் தளமாகக் கொண்டு பூ.கொம் என்ற ஆடை விற்பனைத் தளம் பெரும் ஆரவாரத்துடன் ஆரம்பிக்கப்பட்டது. அசையும் படங்களும் பேசும் பொம்மையும் நிறைந்த அத்தளம், அன்றைய தொலைபேசி இணைப்புகளில் திறப்பதற்கே நெடுநேரம் எடுத்தது. ஏறத்தாழ 135 மில்லியன் டொலரை விழுங்கிய அந்நிறுவனம் 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டது. இன்று இணைப்புகள் வேகமடைந்துள்ளன என்பது உண்மையே. ஆயினும் பேருந்தில் பயணித்தபடி மலிவான கைத்தொலைபேசியில் பார்ப்பவரின் பொறுமை சற்றும் கூடிவிடவில்லை. கூகுள் நிறுவனமும் கைத்தொலைபேசியில் தோன்றும் பக்கத்தையே அடிப்படையாகக் கொண்டு தளங்களைப் பட்டியலிடுகின்றது.

எமது தமிழ்த் தளங்களுக்கே உரித்தான குறைபாடொன்றும் உண்டு. இலங்கையில் அச்சகங்களும் அலுவலகங்களும் நீண்ட காலமாகப் பாமினி எழுத்துருவையே பயன்படுத்தி வந்துள்ளன. அந்த எழுத்துருவில், ஆங்கில எழுத்துக்களுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்கள் அமர்த்தப்பட்டுள்ளன. எமது கண்ணுக்கு அது தமிழ். தேடுபொறிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் கூட்டம். துண்டுப்பிரசுரத்திற்காகத் தட்டெழுதப்பட்ட விடயத்தை அப்படியே தளத்தில் இட்டால், ரொறன்ரோவிலிருந்து 'ஒடியல் மா' என்று தேடும் எம்மவருக்கு அந்தக் கடை ஒருபோதும் அகப்படாது. விலைப்பட்டியலைப் படமாக இடுவதாலும் ஏறத்தாழ இதே விளைவுதான். யுனிகோட் முறைக்கு மாற்றித் தரும் மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சில மணி நேர வேலைக்குச் சோம்பி, ஆண்டுக் கணக்கில் வாடிக்கையாளரை இழப்பது எவ்வகை வியாபாரம் என்று நாம் கேட்க விரும்புகின்றோம்.

தேடுபவர் எந்தச் சொல்லைக் கொண்டு தேடுவார் என்பதையும் சிந்திக்க வேண்டும். 'உயர்தரப் பாரம்பரிய உற்பத்திகள்' என்று எவரும் தேடுவதில்லை. ஒடியல் கூழ், பனாட்டு, யாழ்ப்பாணக் கறித்தூள் என்றே தேடுவர். அப்பெயர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும், இயலுமாயின் சிங்களத்திலும் பக்கத்தில் இருக்க வேண்டும். பொருளின் நிறை, விலை, அனுப்பும் செலவு, வந்து சேர எடுக்கும் நாட்கள் ஆகியனவும் அவசியம். விலையை அறியத் தொலைபேசி எடுக்கவும் என்று எழுதுவோர் வந்தவரைத் திருப்பி அனுப்புகின்றனர். நிறுவனத் தலைவரின் வாழ்த்துச் செய்தியை முதற் பக்கத்தில் இடும் வழக்கத்தை எப்போது கைவிடப் போகின்றோமோ தெரியவில்லை.

தளத்தைப் பிரபலப்படுத்துவதற்குப் பெருந்தொகை தேவையில்லை. பொதியின் சுட்டி, பற்றுச்சீட்டு, கடைப் பெயர்ப்பலகை, பத்திரிகை விளம்பரம் ஆகிய அனைத்திலும் முகவரியை அச்சிடலாம். கூகுள் வரைபடத்தில் கடையின் இடத்தையும் திறந்திருக்கும் நேரத்தையும் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். விடுதி நடத்துபவருக்கு இது விளம்பரத்தை விடப் பெறுமதி வாய்ந்தது. மாறாக, 'ஒரு மாதத்தில் கூகுளில் முதலிடம் பெற்றுத் தருவோம்' என்று உத்தரவாதம் அளிப்போரிடம் ஏமாறக் கூடாது. அவ்வாறு உத்தரவாதம் அளிக்க எவராலும் இயலாது என்பதைக் கூகுளே தெரிவித்துள்ளது. ஆயிரக்கணக்கில் இணைப்புகளை விலைக்கு வாங்கிய தளங்கள் பல, 2012 ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நிறுவனம் தனது தேடல் முறையை மாற்றியபோது பின்தள்ளப்பட்டன.

இவை யாவும் சரியாக அமைந்த பின்னரும் ஒரு பணி எஞ்சியிருக்கும். தளத்தினூடாக வரும் விசாரணைகளுக்கு அன்றன்றே பதில் எழுத ஒருவர் வேண்டும். பெரும்பாலான சிறு நிறுவனங்களில் அது உரிமையாளரின் பிள்ளையாகவே இருக்கின்றார்; அவர் பல்கலைக்கழகம் சென்றதும் தளமும் உறங்கி விடுகின்றது. ஆகையால் கடையில் பணிபுரியும் ஒருவருக்கேனும் விலை மாற்றவும், தீர்ந்துபோன பொருளை நீக்கவும், பதில் எழுதவும் ஆரம்பத்திலேயே பயிற்சி அளித்து, அந்தச் செலவையும் சேர்த்தே வடிவமைப்பாளருடன் விலை பேசிக் கொள்வது நன்று.