பிள்ளைக்குப் போட்டிருப்பது முத்துதானா?

“பிள்ளைக்கு முத்து போட்டிருக்கு” என்று தூத்துக்குடியில் ஒரு தாய் சொன்னால், அது கடலில் குளித்தெடுத்த முத்து இல்லை. அம்மைக் கொப்புளத்துக்கும் அதே பெயர்தான். அந்தச் சொல்லோடு வேப்பிலையும் வந்துவிடுகிறது. மருத்துவரைப் பார்ப்பது தள்ளிப்போகிறது. ஆனால், கோடையில் இங்கே கைக்குழந்தைகளின் உடம்பில் அடிக்கடி காண்பது வெறும் வேர்க்குரு.

கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும். அதில் ஊறிய மேல்தோல், குழந்தையின் இன்னும் முதிராத வியர்வைக் குழாய்களை அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத வியர்வை உள்ளே கசிய, பொரிப்பொரியாகச் சிவக்கிறது. கழுத்து மடிப்பு, அக்குள், ரப்பர் ஷீட்டில் படுத்த முதுகு எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். குளிப்பாட்டி, ஈரம் ஒற்றியெடுத்து, தளர்ந்த பருத்திச் சட்டை போட்டுக் காற்றுப்பட விடுங்கள். எண்ணெய் அடைப்பைக் கூட்டும். பவுடர் தூள் மூச்சோடு உள்ளே போகும். இரண்டும் வேண்டாம்.

பிறந்த இரண்டாம், மூன்றாம் நாளில் கொசு கடித்ததுபோல் தடித்து, நடுவில் வெண்புள்ளியோடு வருவதும் பயப்படும் விஷயமில்லை. நிறைமாதக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரும். ஓரிரு வாரத்தில் தானாக மறையும். நாப்கின் கட்டும் இடத்துப் புண்ணில் தொடை மடிப்பைப் பாருங்கள். மடிப்பு தப்பியிருந்தால் ஈரத்தின் உறுத்தல். மடிப்பும் சிவந்து, சுற்றிலும் புள்ளிகள் சிதறியிருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு மருந்து வேண்டும்.

தட்டம்மை காய்ச்சல், இருமல், சிவந்த கண்ணோடு தொடங்கும். சில நாள் கழித்துக் காதுக்குப் பின்னால் தடிப்பு கிளம்பி, முகத்திலிருந்து கீழே இறங்கும். சின்னம்மையில் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கும். 2022-இல் மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பரபரப்பானதே, அதற்கும் தக்காளிக்கும் சம்பந்தமில்லை. கொப்புளத்தின் தோற்றத்தால் வந்த பெயர். கை, கால், வாயில் கொப்புளம் போடும் வைரஸ் நோயின் ஒரு வடிவமாகவே அது கருதப்படுகிறது.

வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, நம் பிள்ளைகளின் மாநிறத்தில் பழுப்பாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரியும். ஆகவே உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறத்தையும் பாருங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைத் தடிப்பின்மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு வெளுக்கும். வெளுக்காமல் அப்படியே நின்றால் தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது என்று பொருள். காய்ச்சலும் சேர்ந்தால் டெங்குவாக இருக்கலாம், ரத்தத்தில் பரவிய கிருமியாகவும் இருக்கலாம்.

தட்டம்மைத் தடுப்பூசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 மாதத்துக்குப் பின் இன்னொன்று, அரசு மருத்துவமனைகளில் இலவசம். இரண்டையும் தவறவிடாதீர்கள். தம்ளருக்கடியில் மறையாத புள்ளியோடு காய்ச்சல் இருந்தாலும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நடுராத்திரியானாலும் 108-ஐ அழையுங்கள்.