ஆள்களப் பெயர் மாற்றம்

ஆள்களப் பெயரை (டொமைன்) ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொரு பதிவாளருக்குக் கொண்டுபோவது ஆள்களப் பெயர் மாற்றம் எனப்படும். .காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு ஐகான் அமைப்பு விதி வகுக்கிறது; .இன் பெயர்களை நிக்சி நிர்வகிக்கிறது.

ஐகான் விதிப்படி, கேட்ட 5 நாளுக்குள் பழைய பதிவாளர் அங்கீகாரக் குறியீட்டைத் தர வேண்டும். மாற்றக் கோரிக்கைக்கு அவர் 5 நாள் பதிலளிக்காவிட்டால், மாற்றம் தானாகவே நிறைவேறும். பதிந்து 60 நாள் ஆகாத பெயரைப் பொதுவாக மாற்ற இயலாது.

பெரும்பாலோர் சிக்குவது வேறிடத்தில். குளச்சல் மீன் வணிகர் ஒருவருக்குத் தளம் அமைத்துக் கொடுத்தவர், தம் பெயரிலும் மின்னஞ்சலிலுமே பதிந்திருந்தால், குறியீடு அவருக்கே போகும். ஆண்டுதோறும் பணம் கட்டியது வணிகர்தான். பதிவேட்டில் உரிமையாளர் மற்றவர். அவர் தொடர்பில் இல்லையென்றால், கடையின் பெயரே கைவிட்டுப் போகலாம்.