சுங்க வரியும் தறியும்

1722-இல் சாசனம் பெற்ற ஆஸ்டெண்ட் கம்பெனியார் நம் கோவளத்தில் பண்டகசாலை வைத்துத் துணி வாணிபம் நடத்தினர். அதற்கு முன்னரே, இந்தியத் துணியால் தம் பிழைப்புக் கெட்டதென ஆங்கில நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர் முறையிட, 1700-இல் அச்சுத் துணியின் இறக்குமதி அங்கே தடுக்கப்பட்டது. வெள்ளைத் துணிக்குத் தடையின்மையால் அதை வாங்கி அங்கேயே அச்சிட்டனர். நெசவாளர் மீண்டும் கிளர்ந்தெழ, 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியில் பெரும்பாலானவற்றை உடுத்துவதே குற்றமாயிற்று. ஒரு வரி மற்றொரு வரியைப் பெறும் போலும்!

2025 ஆகஸ்டு 27 முதல் நம் சரக்குகள் பலவற்றின்மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. வங்காள தேசத்திற்கும் வியட்நாமிற்கும் அப்போது 20 சதவீதமே. வரியைச் செலுத்துபவர் அங்குள்ள இறக்குமதியாளர்தாம். ஆயினும் அவர் ஒரு பங்கைத் தம் நாட்டு நுகர்வோர்மீது ஏற்றி, மறுபங்கிற்குத் திருப்பூரில் விலைக் குறைப்புக் கேட்பார். குறைக்க இயலாதவர் ஆர்டரை இழப்பார்; தொழிலாளி வேலையை இழப்பார்.

அம்மாதம் 19 முதல் நம் அரசாங்கம் பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை நிறுத்தி வைத்தது. நூல் மலிந்தால் நெசவாளருக்கு நன்மை. அயல்நாட்டுப் பஞ்சு மலிந்தால் பருத்தி பயிரிடுவோருக்கு விலை சரியும். இருவரும் நம் அங்கத்தினரே. செப்டம்பர் 30 உடன் முடியவேண்டிய அச்சலுகை, புதுப்பஞ்சு சந்தைக்கு வரும் மாதங்களிலும் தொடருமாறு டிசம்பர் 31 வரை நீட்டப்பட்டது. அந்நீட்டிப்பை நாம் ஏற்பதற்கில்லை.

சலுகையால் நூல் விலை உண்மையில் இறங்கியதா? ஒவ்வொரு நெசவாளர் சங்கமும் தன் நூல் கொள்முதல் பதிவேட்டில் அவ்வாண்டு ஜூலை விலையையும் நவம்பர் விலையையும் ஒப்பிட்டு, அடுத்த பொதுக்குழுவில் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.